எங்கள் அத்தாவைத் தாங்கிப் பிடித்த எல்லோருக்கும்

அஸ்ஸலாமு அலைக்கும். மற்றச் சொந்தங்களுக்கு வணக்கம்.

எங்கள் அத்தா (அப்பா), உங்களில் பலருக்கு ஹஜ்ரத், ஐப்பசி அடைமழையில் அல்லாஹ்விடம் போய்ச் சேர்ந்தார்கள். அன்றையிலிருந்து வீட்டுக்கு ஆட்கள் வந்துகொண்டே இருக்கிறீர்கள். அம்மா இத்தாவில் (கணவர் இறந்தபின் மனைவி வீட்டோடு இருக்கும் காலம்) இருக்கிறார்கள், நான்கு மாதம் பத்து நாள் முடியும்வரை வெளியே வந்து யாரையும் பார்த்துப் பேச முடியாது. "வந்தவங்களுக்கெல்லாம் நீயாவது எழுதிடு"ன்னு சொல்லிக்கொண்டே இருந்தார்கள். அதனால் மூத்த மகள் நான் எழுதுகிறேன். பெயர் எதையும் போடவில்லை, செய்ததை வெளியே சொல்லக் கூடாது என்று கேட்டுக்கொண்டவர்கள் உங்களில் நிறையப் பேர். படிக்கும்போது அவரவருக்குத் தெரியும்.

அத்தா லால்பேட்டை மன்பவுல் அன்வார் அரபிக் கல்லூரியில் ஓதி ஸனது (பட்டம்) வாங்கிக்கொண்டு, பாபநாசம் பக்கத்தில் இருக்கும் நம்ம ஊருக்கு இமாமாக வந்தவர். வந்த ஊரிலேயே நிக்காஹ் (திருமணம்), பிள்ளைகள், கடைசியில் அடக்கமான மையவாடி எல்லாம். ஆரம்பத்தில் வீட்டுக்கு வீடு முறை வைத்துத்தான் சாப்பாடு வருமாம். நிக்காஹ் ஆனதும் முறைச் சாப்பாட்டை நிறுத்தச் சொல்லிவிட்டார், சம்பளம் ஒன்றும் கூடவில்லை. அப்போதும் பாத்திரத்தில் சோறும் குழம்பும் போட்டு "இது முறை இல்ல ஹஜ்ரத், எங்க ஆசை"ன்னு கொடுத்தனுப்பிய பெரியம்மாக்களுக்குத்தான் முதல் நன்றி. நாங்கள் நாலு பிள்ளைகளும் பசி தெரியாமல் வளர்ந்ததில் உங்கள் அடுப்புக்கும் பங்கு உண்டு.

பிள்ளைகள் குர்ஆன் ஓதும் மக்தபில் காலை ஃபஜ்ர் தொழுகைக்குப் பிறகு ஒரு கூட்டம், மாலை மஃரிபுக்குப் பிறகு ஒரு கூட்டம். அத்தா கையில் நான் பிரம்பைப் பார்த்ததே இல்லை. ஐன் என்ற அரபி எழுத்து தொண்டை நடுவிலிருந்து வர வேண்டும், நம்ம பிள்ளைகளுக்கு லேசில் வராது. பிள்ளையின் கையை எடுத்துத் தன் தொண்டையில் வைத்து "இங்க அதிருதா பாரு"ன்னு சொல்லிக் கொடுப்பார். எல்லோரும் குர்ஆன் முடித்து நார்சா (இனிப்பு) கொடுத்துப் போன பிறகும் யாஸீன் அத்தியாயத்திலேயே நிற்கிற பிள்ளை ஒன்று எப்போதும் இருக்கும், அந்தப் பிள்ளையைத்தான் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்வார். அப்படி உட்கார்ந்திருந்த ஒருவர்தான் இப்போது காலையில் வந்து வகுப்பைப் பார்த்துக்கொள்கிறார். அத்தா மருத்துவமனைக்குப் போக ஆரம்பித்த வாரத்திலிருந்தே, யாரும் கேட்காமல், சம்பளம் பேசாமல். தம்பி, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை, துஆ செய்கிறேன்.

வீட்டில் அத்தா எப்படி என்று பலர் கேட்டீர்கள். பள்ளிவாசலில் எப்படியோ வீட்டிலும் அப்படியேதான். தன் துணியைத் தானே துவைப்பார், நாயகம் (ஸல்) அவர்கள் வீட்டு வேலை செய்தவர்கள் என்று பயான் (மார்க்க உரை) மட்டும் பண்ணிவிட்டு வருகிற ஆள் இல்லை. வியாழன் இரவு, மறுநாள் ஜும்ஆவில் பேசப்போவதை முதலில் அம்மாவிடம் சொல்லிக்காட்டுவார். அம்மா ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர்கள். அவர்களுக்குப் புரியாத இடம் வந்தால் அதை எடுத்துவிடுவார், இல்லையென்றால் உட்கார்ந்து மாற்றுவார். ஊரில் அத்தாவின் பயானைப் பாராட்டியவர்களெல்லாம் பாதியை அம்மாவுக்குச் சேர்த்துக் கொடுக்க வேண்டும், இதை அத்தாவே சொல்வார்.

அப்புறம் சிறுநீரகம் பழுதாகி, டயாலிசிஸ் ஊசி போடுவதற்காகக் கையில் ரத்தக் குழாய்களை இணைக்கும் ஃபிஸ்டுலா போட்டு, வாரம் இரண்டு முறை டயாலிசிஸ் என்று ஆனது. ஒரு தடவைக்கு நான்கு மணி நேரம். தஞ்சாவூர் இங்கிருந்து இருபத்தைந்து கிலோமீட்டர் இருக்கும். எதிர்வீட்டு ஆட்டோ அண்ணன் விடியற்காலையில் வந்து நிற்பார், முடியும்வரை வெளியே காத்திருப்பார், திரும்பும்போது அத்தாவுக்குத் தலை சுற்றும் என்பதால் ரோட்டில் ஒவ்வொரு பள்ளத்துக்கும் வண்டியைத் தடவித் தடவி ஓட்டுவார். டீசல் காசு மட்டும்தான் வாங்குவார். கேட்டால், "எம்பொண்ணு கைக்குழந்தையா இருந்தப்ப ராத்திரியெல்லாம் அழுவா, பள்ளிவாசல் வாசல்ல தூக்கிட்டு வந்து நிப்பேன், ஹஜ்ரத் ஓதி ஊதுவாரு"ன்னு சொல்வார். மஃரிப் தொழுகை முடிந்து ஆட்கள் வெளியே வரும் நேரம் குழந்தையோடும் தண்ணீர் பாட்டிலோடும் எல்லாச் சமயத்துத் தாய்மார்களும் வாசலில் நிற்பது நம்ம பக்கத்தில் வழக்கம்தானே. அண்ணே, அத்தா உங்கள் பெயரைச் சொல்லி துஆ செய்ததை நான் கேட்டிருக்கிறேன்.

தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் டயாலிசிஸ் பிரிவில் இருந்த செவிலியர் சகோதரிகளுக்கும் டெக்னீஷியன் தம்பிகளுக்கும் நன்றி. ஊசி போட்ட கையை அசைக்காமல் படுத்த வாக்கிலேயே அத்தா தொழுவார், அந்த நேரத்தில் பக்கத்தில் டிவி சத்தத்தைக் குறைத்து வைப்பீர்கள். உங்களை யாரும் கேட்டுக்கொள்ளவில்லை.

ரமலான் வந்தபோதுதான் கஷ்டமாகப் போனது. நோன்பின் சட்டங்களை வருடா வருடம் ஊருக்குச் சொல்லிக் கொடுத்தவருக்கு நோன்பு வைக்க முடியவில்லை. வைத்தே தீருவேன் என்று அடம் பிடிப்பார் என நாங்கள் பயந்தோம். அவரோ, அல்லாஹ் நோயாளிக்குக் கொடுத்த சலுகையை வாங்கிக்கொள்வதும் வணக்கம்தான் என்று சொல்லிவிட்டு, விடுபடும் ஒவ்வொரு நோன்புக்கும் ஓர் ஏழைக்கு உணவு என்று ஃபித்யா கணக்குப் போட்டுக் கொடுத்தார். இஃப்தார் நேரம் மட்டும் பேச்சே இருக்காது. பேரீச்சம்பழத்தில் பொட்டாசியம் அதிகம், டாக்டர் கூடாது என்று சொல்லியிருந்தார். தண்ணீரும் அளந்துதான். அதைத் தெரிந்துகொண்டு, அந்த மாதம் முழுக்க அத்தாவோடு உட்கார்ந்து அதே அளவு ஒரு வாய்த் தண்ணீரில் நோன்பு திறந்துவிட்டு, அப்புறம் பள்ளிக்குப் போய்க் கஞ்சி குடித்த பையன்களே, நீங்கள் செய்ததை அத்தா கவனித்தார். ராத்திரி அம்மாவிடம் சொல்லி அழுதிருக்கிறார்.

மவுத்தான அன்றைக்கு மழை விடவே இல்லை. நம்ம களிமண்ணில் கபுர் தோண்டத் தோண்டத் தண்ணீர் ஊறிக்கொண்டே இருந்ததாம். தன் வயலுக்கு வைத்திருந்த ஆயில் என்ஜினைத் தூக்கிக்கொண்டு வந்து மையவாடியில் வைத்துத் தண்ணீரை இறைத்த பெரியவருக்கும், முழங்கால் சேற்றில் நின்று வெட்டியவர்களுக்கும், குளிப்பாட்டிக் கபன் துணி உடுத்தியவர்களுக்கும், குடையில்லாமல் சந்தூக்குப் பெட்டியைத் தோள் மாற்றித் தோள் மாற்றித் தூக்கியவர்களுக்கும், மூன்று பிடி மண் போட வரிசையில் நின்ற எல்லோருக்கும் நன்றி. பெண்கள் நாங்கள் வீட்டில்தான் இருந்தோம். தம்பிகள் சொல்லித்தான் இதெல்லாம் தெரியும்.

இன்னொன்று. அத்தா ஒரு நோட்டு வைத்திருந்தார். சிங்கப்பூர், மலேசியா, துபாயிலிருந்து அவரிடம் ஓதிய பிள்ளைகள் மருந்துக்கு அனுப்பிய காசு, ஊரில் கையில் வைத்து அழுத்திய காசு, மருந்துக்கடை பாக்கி எல்லாவற்றையும் கடன் என்றே எழுதி வைத்திருக்கிறார். அன்பளிப்பு என்று சொல்லிக் கொடுத்தவர்களையும் விடவில்லை. ஜனாஸா தொழுகைக்கு முன்னால் தம்பி எழுந்து நின்று, அத்தாவிடம் யாருக்காவது கடன் வரவேண்டியிருந்தால் எங்களிடம் வாங்கிக்கொள்ளுங்கள் என்று அறிவித்தான். ஒருவர்கூட வரவில்லை. அதற்குப் பிறகு நோட்டைப் பார்த்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டோம், பெரும்பாலானவர்கள் ஹலாலாக்கிவிட்டோம், திருப்ப வேண்டாம் என்று சொல்லிவிட்டீர்கள். மருந்துக்கடைக்காரர் மட்டும் பாக்கியை வாங்கிக்கொண்டார், வாங்கிய அதே பணத்தை மதரஸாவுக்குக் கொடுத்து ரசீதைக் கொண்டுவந்து அம்மாவிடம் கொடுக்கச் சொன்னார். மைய்யித்தின் (இறந்தவரின்) கழுத்தில் கடன் நிற்கக் கூடாது என்று பயந்தவர் எங்கள் அத்தா. அந்தப் பயத்திலிருந்து அவரை விடுவித்தவர்கள் நீங்கள். மற்ற எல்லா உதவியையும்விட எங்களுக்கு இதுதான் பெரிது.

நோட்டில் சில வரிகளுக்கு ஆள் தெரியவில்லை. "மழையன்று வந்த பிள்ளை", "கடைத்தெரு தம்பி, பச்சை சட்டை" என்றெல்லாம் எழுதியிருக்கிறார். அது நீங்களாக இருந்தால் ஒரு போன் செய்து, வேண்டும் என்றோ வேண்டாம் என்றோ சொல்லிவிடுங்கள். அத்தா இரவல் வாங்கிய கிதாபுகளும் (புத்தகங்களும்) அலமாரியில் தனியாக இருக்கின்றன, உள்ளே உரியவர் பெயர் எழுதியிருக்கிறது. மஃரிபுக்குப் பிறகு தம்பி வீட்டில்தான் இருப்பான், வந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

வஸ்ஸலாம்,
ஹஜ்ரத்தின் மூத்த மகள்