3ஜி போன ஊரிலிருந்து அப்பாவுக்கு

ஷெப்பர்ட்டன், விக்டோரியா, ஆஸ்திரேலியா
17.11.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். அங்கே எல்லோரும் நலமா? வாட்ஸ்அப்பில் எழுதினால் தம்பி பாதியை விழுங்கிவிட்டுத்தான் உங்களுக்குப் படித்துக் காட்டுவான். அதனால் தாளிலேயே எழுதுகிறேன். நம் மோட்டார் ஸ்டார்ட்டர் விஷயமும் இதில் இருக்கிறது, முழுக்கப் படியுங்கள்.

அம்மா என் மேல் கோபமாக இருப்பதாகத் தம்பி சொன்னான். அம்மாவின் பட்டன் போனுக்கு நான் கூப்பிடாததற்குக் காரணம் இருக்கிறது. இந்த நாட்டில் அக்டோபர் 28ஆம் தேதி முதல் 3ஜி என்ற பழைய செல்போன் நெட்வொர்க்கை மூட ஆரம்பித்துவிட்டார்கள். டெல்ஸ்ட்ரா, ஆப்டஸ் என்ற இரண்டு செல்போன் கம்பெனிகளுக்கும் அதே நாள்தான். வோடஃபோன் வருஷ ஆரம்பத்திலேயே மூடிவிட்டது. 2ஜி இங்கே 2018க்குள் முழுசாகப் போய்விட்டது. இனி 4ஜி, 5ஜி மட்டும்தான்.

கிருஷ்ணகிரி ரவுண்டானா பக்கம் நீங்கள் வாங்கிக் கொடுத்த போன் 4ஜி போன்தானே, அதற்கு என்ன வந்தது என்று கேட்பீர்கள். நானும் அதையேதான் கேட்டேன். 4ஜியில் பேச்சும் இன்டர்நெட் மாதிரி டேட்டாவாகவே போக வேண்டும். அந்த வசதிக்கு வோல்ட்இ (VoLTE) என்று பெயர். அது இல்லாத போன், கால் வந்ததும் 3ஜிக்கோ 2ஜிக்கோ இறங்கிப் பேசும். இங்கே இறங்க இடமே இல்லை. என் போனில் நம் ஊர் கம்பெனிகளுக்கு வோல்ட்இ இருக்கிறது, இந்த ஊர் கம்பெனிகளுக்கு இல்லை. வெளிநாட்டில் வாங்கிய போன்கள் நிறைய இப்படித்தான் மாட்டிக்கொண்டன. 3498 என்ற எண்ணுக்கு 3 என்று மெசேஜ் அனுப்பினால் உங்கள் போன் தேறுமா தேறாதா என்று பதில் வரும். எனக்குத் தேறாது என்று வந்தது.

இந்த மாதிரி போன்களை நிறுத்தியதற்கு அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. நமக்கு 108 மாதிரி இங்கே ஆம்புலன்ஸ், போலீஸ் எல்லாவற்றுக்கும் 000. சில போன்கள் மற்ற நேரத்தில் 4ஜியில் நன்றாகப் பேசும், 000 அடித்தால் மட்டும் 3ஜியைத் தேடும். இது கடைசி நேரத்தில்தான் பெரிசாக வெளியே வந்தது. டெல்ஸ்ட்ரா மூடும் தேதியை இரண்டு தடவை தள்ளியது. பிறகு, 000 போகாத போனுக்கு லைனே கொடுக்கக் கூடாது என்று உத்தரவு போட்டுவிட்டார்கள். அது நியாயம்தான். ஆனால் நல்லா ஓடுகிற போனை மேஜையில் வைத்துவிட்டுப் புதுசு வாங்கினேனே, ஒரு வார வாடகை அதற்கே போய்விட்டது.

என் வேலை தெரியுமல்லவா, தனியாக இருக்கும் வயசானவர்களின் வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்வது. (எல்லோரையும் பேர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். எனக்கு இன்னும் வாய் வரவில்லை.) ஊருக்கு வெளியே பேரிக்காய்த் தோட்டத்து வீட்டில் ஒரு பாட்டி. கழுத்தில் ஒரு பட்டன் போட்டிருப்பார், விழுந்தால் அழுத்த வேண்டும். உடனே வீட்டிலிருக்கும் பெட்டி ஆள் கூப்பிடும். அந்தப் பெட்டிக்குள் இருந்தது 3ஜி சிம். செல்போனைத்தான் மாற்ற வேண்டும் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தோம். பெட்டியை யோசித்தவர் மெல்போர்னிலிருந்து வந்த அவர் மகன்தான். லிஃப்டுக்குள் இருக்கும் போன், திருட்டு அலாரம், கார்டு தேய்க்கும் மெஷின், தோட்டத்துத் தண்ணீர்த் தொட்டியின் அளவு சொல்லும் கருவி, இப்படி எத்தனையோ பொருளுக்குள் யாருக்கும் தெரியாமல் ஒரு பழைய சிம் உட்கார்ந்திருந்தது.

மூடுகிறவர்களையும் முழுசாகக் குறை சொல்ல முடியாது. ராகி நிற்கிற கொல்லையில் தக்காளி நட முடியுமா? அலைவரிசையும் அப்படித்தான், பழையதை எடுத்தால்தான் புதுசுக்கு இடம். ஆனால் இந்தச் செலவு முதலில் வந்து விழுவது பழைய பொருளை வைத்துக்கொண்டு சமாளிக்கிறவர்கள் தலையில். அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

நம் நாட்டில் கதை தலைகீழ். ஏர்டெல் 3ஜியை எடுத்துவிட்டு 2ஜியை வைத்திருக்கிறது. கோடிக்கணக்கான பட்டன் போன்கள் அதில்தானே ஓடுகின்றன. ஜியோ 2016இல் வந்தபோதே 4ஜியோடுதான் வந்தது. ராத்திரி த்ரீ ஃபேஸ் வந்ததும் வீட்டிலிருந்தே போன் மூலம் மோட்டார் போடுகிறீர்களே, அந்த ஸ்டார்ட்டரில் ஜியோ சிம் போட்டால் எடுக்காது என்று காவேரிப்பட்டணம் கடைக்காரர் சொன்னாரல்லவா? அது 2ஜி பெட்டி என்பதால்தான்.

பயந்துகொண்டு இப்போதே மாற்ற வேண்டாம், ஓடுகிறவரை ஓடட்டும். ஆனால் அது கெட்டுப்போய் அடுத்தது வாங்கினால் 4ஜி பெட்டி என்று கேட்டு, பில்லிலும் எழுதி வாங்குங்கள். விலை குறைவு என்று பழைய சரக்கைத் தலையில் கட்டுவார்கள். இந்தக் கருவிக்கு வேளாண் பொறியியல் துறையில் மானியம் உண்டு, கிருஷ்ணகிரி போகும்போது விசாரியுங்கள். அம்மாவுக்கும் அடுத்த தடவை 4ஜி பட்டன் போனே வாங்கலாம், பெரிய எழுத்தாகவே கிடைக்கிறது.

அப்புறம், ஸ்டார்ட்டர் பெட்டியின் பக்கவாட்டில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். அதை மட்டும் தம்பியிடம் சொல்லிப் படம் எடுத்து அனுப்புங்கள், நான் பார்த்துச் சொல்கிறேன். மெயினை ஆஃப் பண்ணிவிட்டு எடுக்கச் சொல்லுங்கள்.

உங்கள் அன்பு மகள்