மச்சானுக்கு, யூனிஃபார்ம் போட்டோ விஷயமா

மச்சான்,

உன் வாய்ஸ் மெசேஜை ரெண்டு தடவை கேட்டேன், பின்னாடி போர்வெல் மோட்டார் ஓடுற சத்தத்துல பாதி புரியல, ஆனா நீ பஞ்சாயத்து தலைவருக்கு நிக்கப்போறதும், நோட்டீஸ்ல போட யூனிஃபார்ம் போட்டோ கேட்டதும் புரிஞ்சுது. நில்லுடா, சந்தோஷம். கடைசியா ஒண்ணு சொன்ன பாரு, பிரதமராகணும்னா எவனா இருந்தாலும் அஞ்சு வருஷம் பட்டாளத்துல இருந்திருக்கணும்னு சட்டம் போடணும்னு, அங்கதான் எனக்கு இடிக்குது. போன்ல பேசினா நீ நடுவுல புகுந்துடுவ, அதான் டைப் பண்றேன்.

நாம பட்டாளத்துல இருந்தப்ப அந்த சுண்ணாம்புக் கல்லு ஞாபகம் இருக்கா? மறுநாள் இன்ஸ்பெக்‌ஷன், ரோட்டோரக் கல்லுக்கெல்லாம் நாலு மணிக்குள்ள சுண்ணாம்பு அடிக்கணும்னு ஆர்டர், பாதி அடிக்கிறதுக்குள்ள மழை புடிச்சிக்கிச்சு, நாம பாட்டுக்கு அடிச்சிக்கிட்டே போறோம், பின்னாடியே வெள்ளையா ஒழுகிக்கிட்டு வருது, நீ தலையில கோணியைப் போட்டுக்கிட்டு பிரஷ்ஷை முக்கி முக்கி அடிக்கிற. சாப், மழை பெய்யுதுன்னு சொல்ல நம்ம 12 பேர்ல ஒருத்தனுக்கும் வாய் வரல. இன்னிக்கும் நெனச்சா சிரிப்புதான். ஒரு நாடே அப்படி சுண்ணாம்பு அடிச்சா?

பக்கத்துலயே, இலங்கையில நடந்துச்சே. கோத்தபய ராஜபக்ச லெப்டினன்ட் கர்னலா இருந்து வெளிய வந்தவர், ஒன்பது வருஷத்துக்கு மேல டிஃபென்ஸ் செக்ரட்டரி. 2009ல நம்ம ஜனத்துக்கு நடந்ததைப் பத்தி எழுத ஆரம்பிச்சா இந்த லெட்டர் முடியாது, அதை விடு. 2019 ஜனாதிபதி தேர்தல்ல அவருக்கு ஓட்டு போட்டவங்க, பட்டாளத்துக்காரர், ஒழுங்கு கொண்டு வருவார்னுதான் நிறைய பேர் போட்டாங்க. அடுத்த வருஷமே, நான் வாயால சொல்றதையே சுற்றறிக்கையா எடுத்துக்கணும்னு அதிகாரிங்ககிட்ட சொன்னார். 2021ல திடீர்னு ரசாயன உரம் இறக்குமதிக்குத் தடை. நெல்லு விழுந்துச்சு, தேயிலை விழுந்துச்சு, விவசாயி கத்துறான், வருஷக் கடைசியில வாபஸ் வாங்குறதுக்குள்ள ஒரு போகம் போயிடுச்சு. அப்புறம் வந்த டாலர் பஞ்சத்துக்கு வேற காரணமும் உண்டு, ஆனா இந்த உரத் தடை நம்ம சுண்ணாம்புக் கல்லேதான். 2022 ஜூலையில ஏர்ஃபோர்ஸ் பிளேன் ஏறி மாலத்தீவுக்குத் தப்பிப் போனார்.

1971 வங்கதேசப் போரை எடுத்துக்கோ. அந்தப் பக்கம் பாகிஸ்தான்ல யாஹியா கான், ஜனாதிபதியும் அவரே, ராணுவத் தளபதியும் அவரே. இந்தப் பக்கம் இந்திரா காந்தி, பட்டாளத்துல இருந்ததே இல்ல. ஏப்ரல்லயே கிழக்கு பாகிஸ்தானுக்குள்ள போகணும்னு அந்தம்மா கேட்டப்ப முடியாது மேடம், மழைக்காலம் வருது, டாங்கியெல்லாம் ரெடி இல்லன்னு நம்ம ராணுவத் தளபதி மானெக்‌ஷா சொன்னாராம், ரிட்டயர் ஆன பிறகு அவரே மேடையில சொன்ன கதை, கொஞ்சம் மசாலா இருக்கலாம். ஆனா அந்தம்மா டிசம்பர் வரைக்கும் பொறுத்தது நெசம். 13 நாள்ல முடிஞ்சுது, டாக்காவுல கையெழுத்தாகி, மொத்தம் 93 ஆயிரம் பேர் சரண்டர். யாஹியாகிட்ட வேணாம் சார்னு சொல்ல ஆள் இருந்து, அவரும் காது குடுத்திருந்தா அந்த அளவுக்குப் போயிருக்குமான்னு தோணுது.

அமெரிக்காவைப் பாருன்னு சொன்னல்ல, பாத்தேன். 1992ல இருந்து 2008 வரைக்கும் அஞ்சு எலெக்‌ஷன், அஞ்சுலயும் போருக்குப் போய் வந்தவன்தான் தோத்திருக்கான். பெரிய புஷ், ரெண்டாம் உலகப்போர்ல பிளேனோட சுடப்பட்டு கடல்ல விழுந்து பொழச்சவரு, கிளின்டன்கிட்ட தோத்தார். இத்தாலியில அடிபட்டு வலது கை வராமப் போன பாப் டோலும் அதே கிளின்டன்கிட்ட. அப்புறம் அல் கோர், ஜான் கெர்ரி, அஞ்சரை வருஷம் வியட்நாம்ல கைதியா கெடந்த மெக்கெய்ன். தோத்ததைக் கூட விடு, 2004ல கெர்ரியோட காயத்தைக் கிண்டல் பண்ணி அவரை எதிர்த்து நின்ன கட்சி மாநாட்டுல சில பேர், போர்ல காயம் பட்டவங்களுக்குக் குடுக்கிற மெடல் மாதிரியே ஊதா கலர்ல இதயம் போட்ட பிளாஸ்திரி ஒட்டிக்கிட்டு நின்னாங்கடா. கட்சின்னு வந்துட்டா மெடலுக்கு அவ்வளவுதான் மரியாதை.

அதுக்காக பட்டாளம் ஒண்ணும் சொல்லித் தராதுன்னு நான் சொல்லல. கூட இருந்தவன் சவப்பெட்டியை அவன் வீட்டு வாசல்ல இறக்குனவன் போடா சண்டைக்குன்னு லேசா சொல்ல மாட்டான். அமெரிக்கத் தளபதி ஐசனோவர் இருக்காரே, 1944ல பிரான்ஸ்ல நார்மண்டியில இறங்குறதுக்கு முன்னாடியே ஒரு துண்டுச் சீட்டுல, இது தோத்துப்போனா பழி என் ஒருத்தனோடதுன்னு எழுதி பர்ஸுல வச்சிருந்தார். அப்புறம் ஜனாதிபதியாகி எட்டு வருஷம் ஆண்டுட்டு, போறப்ப ஆயுதக் கம்பெனியும் ராணுவமும் கைகோத்துக்கிட்டு நாட்டை ஆட்டிப்படைக்காம பாத்துக்கோங்கன்னு சொல்லிட்டுப் போனார். அந்தச் சீட்டு எழுதுற மனசு எல்லா ஆபீசருக்கும் வராது, நீயும் பாத்திருக்க நானும் பாத்திருக்கேன்.

போட்டோ டிரங்க் பெட்டியில கெடச்சிது, ஓரம் பூஞ்சை. பேரன் ஸ்கேன் பண்ணி அனுப்புவான். ஆனா 2019ல அபிநந்தன் போட்டோவை பேனர்ல போட்டப்ப, ராணுவ வீரங்க படத்தைப் பிரச்சாரத்துல போடாதீங்கன்னு எலெக்‌ஷன் கமிஷன் கட்சிகளுக்குச் சொல்லுச்சு, உன் சொந்தப் படத்துக்கு அது ஒட்டுமான்னு ஒரு வக்கீலைக் கேட்டுக்கோ. எப்படியும் அந்தப் போட்டோவுக்குக் கீழ, மேட்டுத்தெருவுக்கு எத்தனை நாள்ல தண்ணி வரும்னு எழுது, உங்க ஊர்ல அதைத்தான் கேப்பாங்க.

மிலிட்டரி கேன்டீன்ல இந்த மாச கோட்டா இன்னும் வாங்கல. சனிக்கிழமை வந்தா சேர்ந்தே போலாம்.

உன் பக்கத்துக் கட்டில்காரன்