கிராபிக்ஸ் கார்டின் முழு விபரத்தையும் பற்றுச்சீட்டில் எழுதுங்கள்

யாழ்ப்பாண நகரத்துக் கணினி வணிகர்களுக்கு,

வணக்கம். நடுத்தர விலையில் கேமிங் கணினி பூட்டித் தரும்படி உங்களிடம் வருபவர்களிற் பலர் மாணவர்களும் அவர்களுடைய பெற்றோரும். நீங்கள் கொடுக்கும் கொட்டேசனில் மற்றப் பாகங்களெல்லாம் விபரமாக இருக்க, பெருந்தொகை போகும் கிராபிக்ஸ் கார்டுக்குரிய வரி மட்டும் "வி.ஜி.ஏ. 3050" என்பதோடு நின்றுவிடுவதைப் பலமுறை கண்டிருக்கிறேன். அந்த வரியை வைத்துக்கொண்டு எதை வாங்குகிறோம் என்று யாராலும் அறிய முடியாது.

ஆர்.ரி.எக்ஸ். 3050 என்று 2022இல் வந்த கார்டில் 8 ஜி.பி. நினைவகம், 128 பிற் நினைவகப் பாதை (நினைவகத்துக்குத் தரவு போய்வரும் வழியின் அகலம்), 2560 கூடா கோர்கள் (கணக்கிடும் சிறு அலகுகள்) இருந்தன. 2024இல் அதே பெயரோடு வந்ததில் நினைவகம் 6 ஜி.பி., பாதை 96 பிற், கோர்கள் 2304. நினைவகம்தானே சற்றுக் குறைவு என்று நினைத்து வாங்குபவருக்கு, கார்டின் வேகமே குறைந்திருப்பது தெரிய வழியில்லை. 3060இலும் இதே கதைதான்: 12 ஜி.பி. கார்டின் நினைவகம் விநாடிக்கு 360 ஜி.பி. தரவைக் கடத்த, பின்னர் வந்த 8 ஜி.பி. கார்டு 240ஐத்தான் கடத்துகிறது. 2025இல் வந்த 5060 ரி.ஐ. கூட 8, 16 என இரண்டாக இருக்கிறது. புதிய விளையாட்டுகளில் பொருட்களின் மேற்பரப்பைக் காட்டும் படங்களான உயர்தர ரெக்ஸ்சர்கள் 8 ஜி.பி.க்குள் அடங்காதபோது, மிஞ்சிய தரவு கணினியின் ரமுக்குப் போய்வர வேண்டியிருப்பதால் காட்சி விட்டுவிட்டுத் திக்குகிறது, விநாடிக்கு எத்தனை படம் திரையில் வருகிறது என்று சொல்லும் சராசரி எப்.பி.எஸ். இலக்கம் அதைக் காட்டிக்கொடுப்பதில்லை.

அந்த 6 ஜி.பி. 3050 கூடாத கார்டு என்று நான் சொல்லவில்லை. 70 வாற்றுக்குள் அடங்கி, பெரும்பாலும் தனி மின்வயர் இல்லாமலே இயங்குவதால், பாவித்த அலுவலகக் கணினியொன்றை வைத்திருக்கும் பிள்ளைக்கு அதைவிடப் பொருத்தமானதைக் காண்பது கடினம். அதை அதன் பெயரிலும் அதற்குரிய விலையிலும் விற்றால் போதும்.

வாடிக்கையாளர் வீட்டில் எந்த மதர்போர்ட் இருக்கிறது என்பதையும் தயவுசெய்து கேளுங்கள். ஆர்.எக்ஸ். 6500 எக்ஸ்.ரி. கார்டு நான்கு பி.சி.ஐ.இ. லேன்களில் (கார்டையும் மதர்போர்டையும் இணைக்கும் தரவுப் பாதைகளில்) மட்டுமே இயங்குவது. மூன்றாம் தலைமுறை பி.சி.ஐ.இ. போர்ட்டில் போட்டால் அந்தப் பாதையின் வேகம் பாதியாகிவிடும், 4 ஜி.பி. நினைவகமும் அங்கே கைகொடுக்காது. இன்ரெல் ஆர்க் பி580 தன் 12 ஜி.பி.யோடு விலைக்கு மிக நல்ல கார்டாக இருந்தாலும், ரீசைசபிள் பார் வசதி (கார்டின் நினைவகம் முழுவதையும் புரொசெசர் ஒரேயடியாக அணுகவிடும் வசதி) இல்லாத பழைய கணினியில் அதைப் பூட்டுவது பணத்தை வீணாக்குவதாகும்.

பாவித்த கார்டுகளைப் பற்றிச் சற்று அழுத்தமாகவே சொல்ல வேண்டும். 2022 செப்டெம்பரில் கிராபிக்ஸ் கார்டுகளை ஓடவிட்டு எதீரியம் என்ற இணைய நாணயத்தை ஈட்டும் மைனிங் முடிவுக்கு வந்தபின், இரவுபகலாக ஓடிக் களைத்த கார்டுகள் உலகெங்கும் சந்தைக்கு வந்தன. வெப்பத்தைக் கடத்த உள்ளே வைக்கும் மெத்தையான தெர்மல் பாட்டிலிருந்து கசிந்த எண்ணெய் கார்டின் ஓரத்தில் படிந்திருப்பதையும், எங்கள் கடற்காற்றில் பிராக்கெட்டின் திருகாணிகள் துருவேறியிருப்பதையும் துடைத்துவிட்டுப் புதுப்பெட்டியில் வைப்பது நேர்மையான வணிகமாகாது. 2048 கோர்களுள்ள ஆர்.எக்ஸ். 580ஐ, 2304 கோர்களுள்ள 580 என்று நம்பவைத்து விற்பதும் அத்தகையதே.

2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின்படி, வாங்குபவர் கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுத்தாக வேண்டும். அந்தச் சீட்டில் கார்டின் தயாரிப்பாளர், நினைவகத்தின் அளவு, பாதையின் அகலம், தொடரிலக்கம், புதியதா பாவித்ததா என்பது, உத்தரவாதத்தை யார் எவ்வளவு காலத்துக்குத் தருகிறார் என்பது ஆகியவற்றையும் நீங்களாகவே எழுதித் தாருங்கள். காசு வாங்குமுன், கார்டின் விபரங்களைக் காட்டும் ஜி.பி.யு.-இசட் மென்பொருளைத் திறந்து, சீட்டில் உள்ளதும் திரையில் தெரிவதும் ஒன்றுதானா என்று வாடிக்கையாளருக்குக் காட்டுங்கள். பாவித்த கார்டாயின் அரைமணி நேரமாவது முழுச் சுமையில் ஓடவிட்டு வெப்பநிலையைப் பார்க்க விடுங்கள். அதற்கென ஒரு சிறு கட்டணம் கேட்டாலும் கொடுக்க ஆயத்தமாக இருக்கிறோம்.

இங்ஙனம்,
நல்லூரிலிருந்து உங்கள் வாடிக்கையாளர் ஒருவர்