பெரியவர் சொன்ன ‘தீ’

கும்பகோணம்
ஞாயிற்றுக்கிழமை இரவு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். புதன்கிழமை நீ ஷெஃபீல்டிலிருந்து அனுப்பிய வாய்ஸ் மெசேஜை நானும் அம்மாவும் நாலைந்து தடவை கேட்டுவிட்டோம். ஆஸ்பத்திரியில் நைட் டியூட்டி முடிந்து பஸ்ஸுக்கு நின்றுகொண்டு பேசியிருக்கிறாய் போல, காற்று இரைந்துகொண்டே இருந்தது. “இத்தனை வருஷம் இங்கிலீஷ் படிச்சு, ஐஇஎல்டிஎஸ் எல்லாம் எழுதி வந்தும் ஒரு தாத்தா பேசறது எனக்குப் புரியலப்பா” என்ற இடத்தில் உன் குரல் இறங்கிப்போனது. அம்மா அதைப் பிடித்துக்கொண்டு, “பிள்ளை அழுதிருக்கா” என்று இரண்டு நாளாகச் சொல்கிறாள். போனில் பதில் சொன்னால் பாதியில் உன்னை யாராவது கூப்பிடுவார்கள். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். நீ நிதானமாகப் படி.

முதலில் அந்த ரொட்டி விஷயம். ராத்திரி மூன்று மணிக்கு உன் வார்டில் இருக்கும் அந்தப் பெரியவர் ‘ஸ்டார்வ்ட்’ என்றார். பாவம், பசிக்கிறது போல என்று நீ ரொட்டி வாட்டி வெண்ணெய் தடவிக் கொண்டுபோய்க் கொடுத்தாய். அவர் தலையை ஆட்டிவிட்டு, இரண்டு கையாலும் தோளைக் கட்டிக்கொண்டு நடுங்கிக் காட்டினார். அதற்குப் பிறகுதான் அவர் கேட்டது கம்பளி என்று உனக்குப் புரிந்தது. உன் இங்கிலீஷில் குறை ஒன்றும் இல்லை, பாப்பா. அவர் பேசியது உன் பாடப்புத்தகத்தைவிட ரொம்பப் பழைய இங்கிலீஷ்.

ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய ஆங்கிலத்தில் ‘ஸ்டெயோர்ஃபன்’ என்றால் சாவது. நோயோ, கத்திக்குத்தோ, முதுமையோ, எதனால் செத்தாலும் அதே சொல்தான். ஜெர்மன்காரர்கள் இன்றைக்கும் சாவதை ‘ஸ்டெர்பன்’ என்றுதான் சொல்கிறார்கள். இங்கிலாந்தின் தெற்கே அது பசியால் சாவது என்று குறுகி, அப்புறம் வெறும் பசி என்று ஆகிவிட்டது. நாம் படித்தது அதைத்தான். நீ இருக்கும் வடக்குப் பக்கத்தில் அதே சொல் குளிரால் விறைப்பதைக் குறிக்க வந்துவிட்டது. நாமும் “பசி உயிர் போகுது” என்கிறோம், மார்கழியில் “குளிர் உயிரை எடுக்குது” என்கிறோம். அங்கேயும் அதே கதைதான். பெரியவர் சொன்னது இந்த இரண்டாவது.

சாவது என்ற பொருள் ஏன் அந்தச் சொல்லை விட்டுப் போனது? அதற்குப் போட்டியாக இன்னொரு சொல் வந்தது. 9ஆம் நூற்றாண்டில் டென்மார்க், நார்வே பக்கத்து ஆட்கள் படையோடு கப்பலில் வந்து இறங்கினார்கள். 866இல் யார்க் நகரத்தையே பிடித்தார்கள். சண்டை ஓய்ந்ததும் அங்கேயே நிலம் உழுது, பெண் எடுத்து, பெண் கொடுத்துத் தங்கிவிட்டார்கள். ‘டை’ என்ற சொல் அவர்கள் மொழியிலிருந்து வந்தது என்றுதான் பெரும்பாலான அகராதிகள் சொல்கின்றன. நீ வார்டில் ஒரு நாளைக்கு எத்தனை தடவை ஸ்கின் என்றும் லெக் என்றும், உடம்பு சரியில்லாததை ‘இல்’ என்றும் சொல்கிறாயோ, அவையும் அந்தக் கப்பலில் வந்தவையே. ‘தே’, ‘தெம்’ கூடத்தான். சாமான்களின் பெயர்கள் வேற்று மொழியிலிருந்து வருவது எங்கேயும் நடப்பது. ‘அவர்கள்’ என்ற சொல்லையே இன்னொரு கூட்டத்தாரிடமிருந்து வாங்கிக்கொள்ள வேண்டுமென்றால், எவ்வளவு நெருங்கிப் புழங்கியிருப்பார்கள் என்று யோசித்துப் பார். எனக்கு இதில் இன்றைக்கும் ஆச்சரியம் அடங்கவில்லை.

உன் ஊர்க் கடைத்தெருவுக்கு ஃபார்கேட் என்று பெயர், அங்கே கேட் எதையும் காணோம் என்று போன வருஷம் கேட்டாயே. அந்தக் ‘கேட்’ அவர்கள் மொழியில் தெரு. பூட்டுகிற கேட் வேறு சொல். அதேபோல ‘விண்டோ’. ‘விண்டௌகா’ என்பது அதன் பழைய வடிவம். காற்றின் கண் என்று பொருள். உனக்குப் பத்தாம் வகுப்பில் தமிழம்மா ‘காலதர்’ என்று ஒரு சொல் சொல்லிக்கொடுத்தது நினைவிருக்கிறதா? கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. சிலப்பதிகாரத்தில் ‘மான்கட் காலதர்’ என்று வரும், மானின் கண் போன்ற ஜன்னல். அங்கேயும் கண், இங்கேயும் கண். ஒருவரை ஒருவர் பார்த்தே இராத இரண்டு ஜனங்கள் சுவரில் ஒரு ஓட்டையைப் பார்த்து ஒன்றையே நினைத்திருக்கிறார்கள்.

புரியவில்லை என்று நீ வருத்தப்படுகிறாய். இங்கிலீஷ்காரர்களுக்கே அவர்கள் நாட்டிலேயே இது நடந்திருக்கிறது. இங்கிலாந்தில் முதன்முதலாக அச்சுக்கூடம் வைத்த காக்ஸ்டன், 1490இல் அச்சிட்ட ஒரு புத்தகத்தின் முன்னுரையில் அதை எழுதிவைத்திருக்கிறார். லண்டன் வியாபாரிகள் சிலர் கடல் கடந்து போகக் கப்பலேறினார்கள். தேம்ஸ் ஆற்றிலேயே காற்று நின்றுவிட்டது. சரி, ஏதாவது சாப்பிடலாம் என்று கரை இறங்கி ஒரு வீட்டுக்குப் போனார்கள். அவர்களில் ஒருவர் பெயர் ஷெஃபெல்ட். உன் ஊர்ப் பெயர் மாதிரியே இருக்கிறது பார். அவர் அந்த வீட்டம்மாவிடம் முட்டை கேட்டார், ‘எகிஸ்’ என்று. அந்த அம்மா, “எனக்கு பிரெஞ்சு தெரியாது” என்றாராம். ஷெஃபெல்ட்டுக்குக் கோபம் வந்துவிட்டது, ஏனென்றால் அவருக்கும் பிரெஞ்சு தெரியாது! கடைசியில் கூட வந்தவர் ‘ஐரன்’ வேண்டும் என்றார். அந்த அம்மாவுக்கு உடனே புரிந்துவிட்டது. ‘எக்’ கப்பலில் வந்த சொல், ‘ஐரன்’ உள்ளூர்ச் சொல். முட்டை ஒன்றுதான். இந்தக் காலத்தில் ஒரு மனிதன் எதை எழுதுவது, எகிஸா ஐரனா என்று காக்ஸ்டன் தலையைப் பிடித்துக்கொள்கிறார். அப்புறம் ஐரன் செத்தே போயிற்று. முட்டை கேட்டுக் கோபப்பட்ட அவரைவிட, ரொட்டியைத் திரும்ப எடுத்துப்போய்க் கம்பளி கொண்டுவந்த நீ எவ்வளவோ மேல்.

உன் வேலைக்குப் பிடிக்கும் என்று இன்னொன்று. ‘லீச்’ என்றால் நமக்கு அட்டை. பழைய ஆங்கிலத்தில் வைத்தியருக்கும் அதே பெயர். 10ஆம் நூற்றாண்டில் எழுதிய ஒரு வைத்தியச் சுவடி லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. லீச்புக் என்றுதான் அதைச் சொல்வார்கள். கண்கட்டிக்கு அதில் ஒரு மருந்து: பூண்டு, அதோடு வெங்காய இனத்தில் இன்னொன்று, திராட்சை மது, மாட்டுப் பித்தநீர். பித்தளைப் பாத்திரத்தில் ஒன்பது ராத்திரி ஊறவைக்க வேண்டும். 2015இல் நாட்டிங்காம் பல்கலைக்கழகத்தில் பழைய ஆங்கிலம் படித்தவர்களும் கிருமி ஆராய்ச்சி செய்பவர்களும் சேர்ந்து, எழுதியபடியே செய்து பார்த்தார்கள். நீங்கள் வார்டில் பயப்படுகிற, பல மருந்துக்கும் அடங்காத எம்ஆர்எஸ்ஏ கிருமியை அது ஆய்வுக்கூடத்தில் கொன்றது. பழைய சொல்லுக்கு ஒழுங்காகப் பொருள் தெரிந்த ஒருவர் இல்லாவிட்டால் அந்தச் சோதனையையே செய்திருக்க முடியாது. அந்த ஒன்பது ராத்திரியையும் கவனி. அந்தக் காலத்தில் அவர்கள் நாளை ராத்திரியால்தான் எண்ணினார்கள். உன் டியூட்டி லிஸ்டில் வருகிற ‘ஃபோர்ட்நைட்’ பதினாலு ராத்திரி. ஏழு ராத்திரிக்கு ‘சென்னைட்’ என்று ஒன்று இருந்தது, அது வழக்கொழிந்துவிட்டது.

அப்புறம், பெரியவர் பெட்டியில் ‘ஸ்பைஸ்’ இருக்கிறது, எடுத்துக்கொள் என்றாராமே. மிளகு சீரகத்தைத் தேடாதே. உன் ஊர் இருக்கும் யார்க்ஷயரில் அது மிட்டாய். அவர் கொடுத்தால் வாங்கிக்கொள். பதிலுக்கு நீ அவருக்கு ‘டிபன்’ என்ற சொல்லைச் சொல்லிக்கொடு. சாப்பாட்டு வேளைக்கு நடுவில் கொஞ்சம் குடிப்பதற்கு, கொறிப்பதற்கு ‘டிஃபிங்’ என்று அவர்கள் ஊரில் 18ஆம் நூற்றாண்டில் ஒரு கொச்சைச் சொல் இருந்தது. அவர்கள் மறந்துவிட்டார்கள். நம் மாமாங்கக் குளக்கரையில் சாயங்காலம் நாலு மணிக்குப் போர்டில் எழுதித் தொங்குகிறது.

இனி, நீ நிஜமாகக் கேட்ட கேள்விக்கு வருகிறேன். “எல்லாரும் யூன்னு சொல்றாங்க, இவர் மட்டும் என்னை ‘தீ’, ‘தா’ன்னு கூப்பிடறார். மதிப்பில்லாம பேசறாரா?” என்றாய்.

இதில் நான் உனக்கு ஒரு மன்னிப்புச் சொல்ல வேண்டும். முப்பத்திரண்டு வருஷம் வகுப்பில் நின்று, ‘தௌ’, ‘தீ’, ‘தை’ எல்லாம் செத்துப்போன சொற்கள், கடவுளிடம் மரியாதையாகப் பேசுவதற்கு இருந்தவை என்று சொல்லிக்கொடுத்தேன். உனக்கும் அப்படித்தான் சொன்னேன். இரண்டுமே தப்பு. ‘தௌ’ என்பது நம்முடைய ‘நீ’. ‘தீ’ என்றால் உன்னை, ‘தை’ என்றால் உன். பெரியவர் சொல்கிற ‘தா’வும் இந்த தௌதான். ‘யூ’ என்பது ‘நீங்கள்’. முதலில் ஒருவருக்கு தௌ, பலருக்கு யூ, அவ்வளவுதான். 13ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுப் பழக்கத்தைப் பார்த்து, பெரிய மனிதர் ஒருவரையும் பன்மையில் கூப்பிடத் தொடங்கினார்கள். நாமும் அப்படித்தானே நீங்கள் என்பதை மரியாதைக்கு எடுத்துக்கொண்டோம்? தாய் பிள்ளையை, சிநேகிதன் சிநேகிதனை தௌ என்றார்கள். எஜமான் வேலைக்காரனையும் தௌ என்றார். நம்முடைய ‘நீ’யில் இருக்கிற அதே பாசமும் அதே இளக்காரமும் அதிலும் இருந்தன.

இளக்காரம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். 1603இல் வால்டர் ராலே என்ற கடலோடி மீது ராஜதுரோக வழக்கு வின்செஸ்டரில் நடந்தது. அரசு வக்கீல் எட்வர்ட் கோக் நீதிமன்றத்தில் எழுந்து, “உன்னை நீ என்கிறேன், துரோகியே” என்று கத்தினார். ‘தௌ’ என்பதையே வினைச்சொல்லாக்கி வைதார். “நீ வா போன்னு பேசறியா?” என்று நம் ஊரில் சட்டையைப் பிடிப்பார்களே, அந்தச் சூடு அதில் இருந்தது. பிறகு குவேக்கர்கள் என்ற பக்தர்கள், கடவுள் முன்னால் எல்லாரும் சமம் என்று நீதிபதியைக்கூட தௌ என்றே கூப்பிட்டு அடியும் உதையும் வாங்கினார்கள்.

யாரைப் பார்த்து எதைச் சொல்வது என்ற பயத்திலேயே ஊரார் எல்லாருக்கும் யூ என்று சொல்லப் பழகிவிட்டார்கள். 17ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் லண்டன் பேச்சில் தௌ ஏறக்குறைய இல்லை. பைபிளில் மட்டும் இருந்தது. 1611இல் வந்த மொழிபெயர்ப்பில் ஒருவர் என்றால் தௌ, அது கடவுளானாலும் சரி, திருடனானாலும் சரி. கோவிலில் மட்டுமே கேட்டுக் கேட்டு, அது மரியாதைச் சொல் என்று பின்னால் வந்தவர்கள் நினைத்துக்கொண்டார்கள். நானும் அப்படி நினைத்தவன்தான். அப்பர் சுவாமிகள் சிவனை அப்பன் நீ, அம்மை நீ என்று பாடியதைச் சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவனுக்கு அது தோன்றியிருக்க வேண்டும்.

லண்டனில் போன சொல், யார்க்ஷயரில் சுரங்கத்திலும் எஃகு ஆலையிலும் வேலை செய்த குடும்பங்களில் நின்றுவிட்டது. ஷெஃபீல்டுக்காரர்கள் தீ, தா என்பதை டீ, டா போல உச்சரிப்பதால், பக்கத்து ஊரார் அவர்களுக்கு ‘டீடா’ என்றே பட்டப்பெயர் வைத்திருக்கிறார்கள். அங்கே பெரியவர்கள் பிள்ளைகளைக் கண்டிக்கிற ஒரு வசனம் உண்டு. தமிழில் சொன்னால், “என்னை நீ போட்டுப் பேசாதே, உன்னையே நீ போட்டுப் பேசிப்பார், எப்படி இருக்கிறதென்று” என்று வரும். அப்பாயி சொன்ன மாதிரி இல்லை?

ஆகவே அந்தத் தாத்தா உன்னை மட்டம் தட்டவில்லை. டாக்டரை யூ என்கிறார், உன்னை தீ என்கிறார் என்றால், ராத்திரி மூன்று மணிக்குக் கம்பளி போர்த்திவிட்ட பெண்ணைத் தன் வீட்டுப் பிள்ளையாக எடுத்துக்கொண்டிருக்கிறார். நீ திருப்பி அவரை தீ என்று சொல்லிவிடாதே. வயதில் பெரியவர், அவருக்கு யூதான். இந்த விஷயத்தில் அவர்கள் வழக்கமும் நம் வழக்கமும் ஒன்று.

எழுதும்போது ஒன்று ஞாபகம் வந்தது. ஒண்ணாம் வகுப்பு சேர்கிற வரைக்கும் நீ என்னை ‘நீ’ என்றுதான் சொல்வாய். “அப்பா, நீ எப்ப வருவே” என்று வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்பாய். ஒரு நாள் அப்பாயி, “அப்பாவ நீங்கன்னு சொல்லணும்” என்று திருத்தினார். மறுநாளே மாறிவிட்டாய். அம்மா மட்டும் இன்றைக்கும் உனக்கு ‘நீ’. அப்பாயி திருத்தியபோது நான் திண்ணையில் பேப்பரை வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். ஒன்றும் சொல்லவில்லை.

அடுத்த தடவை போன் பண்ணும்போது வாயில் வந்தால் “அப்பா, நீ சாப்பிட்டியா” என்று கேள். வராவிட்டாலும் பரவாயில்லை.

டியூட்டிக்குப் போகும்போது கழுத்தைச் சுற்றி மப்ளர் போட்டுக்கொள். அம்மா பருப்புப்பொடி இடித்து வைத்திருக்கிறாள், செவ்வாய்க்கிழமை பார்சலில் போடுகிறேன்.

அன்புடன்,
அப்பா