எல்லைக்கோட்டின் வயது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பால்டிக் நாடுகளின் பாதுகாப்பு குறித்துத் தங்கள் இதழில் வெளிவந்த கட்டுரையில், லித்துவேனியாவுக்கும் ரஷ்யாவின் கலினின்கிராத் பகுதிக்கும் இடையிலுள்ள எல்லை சோவியத் ஒன்றியம் உடைந்தபோது உருவானது என்று எழுதப்பட்டிருந்தது. பள்ளியில் வரலாறு கற்பித்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் இந்த வரியைக் கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை. நேமுனாஸ் ஆற்றுக்குத் தெற்கே அந்த எல்லை பெரும்பாலும் 1422-ஆம் ஆண்டின் மெல்னோ உடன்படிக்கையில், லித்துவேனியாவும் போலந்தும், அப்போது பிரஷ்யாவை ஆண்ட ஜெர்மானியரான டியூட்டானிய வீரத்துறவியர் அமைப்புடன் பேசி முடிவு செய்தது. ஐரோப்பாவில் இவ்வளவு காலம் ஏறக்குறைய இடம் மாறாமல் நீடித்த எல்லைகள் மிகச் சில.

அந்த எல்லையின் ஓரத்திலேயே வாழ்ந்துவரும் சிற்றூர் ஒன்று உண்டு. ஷெஷுபே ஆறும் ஷிர்வின்டா ஆறும் கூடுமிடத்தில் உள்ள அதன் இன்றைய பெயர் குதிர்கோஸ் நவுமியெஸ்திஸ். போலந்து மன்னர் நான்காம் விளாதிஸ்லாவின் பெயரால் அறியப்பட்ட அவ்வூர் 1643-இல் நகர உரிமை பெற்றது. போலந்து-லித்துவேனிய அரசை அண்டை வல்லரசுகள் பங்கிட்டுக்கொண்ட 1795-ஆம் ஆண்டின் மூன்றாம் பிரிவினையில் பிரஷ்யாவின் கைக்குப் போய், 1815-க்குப் பிறகு ரஷ்யப் பேரரசின் மேற்கு விளிம்பானது. நவுமியெஸ்திஸ் என்றால் புதிய ஊர் என்று பொருள். முன்னொட்டாக நிற்கும் பெயர் 1934-இல் சேர்ந்தது. அந்தப் பெயருக்கு உரியவர் வின்சாஸ் குதிர்கா என்ற மருத்துவர்.

அவரைப் பற்றிச் சொல்லும் முன் ஒரு தடையைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1863-ஆம் ஆண்டுக் கிளர்ச்சியை அடக்கிய ஜார் அரசு, லித்துவேனிய மொழியை லத்தீன் எழுத்தில் அச்சிடுவதைத் தடை செய்து, ரஷ்ய எழுத்தில்தான் அச்சிட வேண்டும் என்றது. மக்கள் அந்த எழுத்தில் வந்த நூல்களை ஏற்கவில்லை. எல்லைக்கு அப்பால், இன்றைய கலினின்கிராத் பகுதியை உள்ளடக்கிய, அன்று ஜெர்மானியரிடம் இருந்த கிழக்குப் பிரஷ்யாவின் தில்சித், ராக்னித் ஆகிய ஊர்களில் வழிபாட்டு நூல்களும் அரிச்சுவடிகளும் செய்தித்தாள்களும் அச்சாகின. அவற்றை மூட்டை கட்டி, இரவில் ஆற்றையும் காவலையும் கடந்து கொண்டுவந்தவர்களை 'க்னிக்னெஷிஸ்' என்பார்கள். நூல் சுமப்பவர் என்று பொருள். பிடிபட்டவர்களுக்குச் சிறையும் சைபீரிய நாடுகடத்தலும் கிடைத்தன. எல்லையிலேயே சுடப்பட்டவர்களும் உண்டு. 1904 வரை, நாற்பது ஆண்டுகள் இது நடந்தது. ஒரு மொழியின் எழுத்தைக் காப்பாற்ற உழவர்களும் எளிய குடும்பத்துப் பெண்களும் உயிரைப் பணயம் வைத்தார்கள் என்பதை எத்தனை முறை படித்தாலும் எனக்கு நெஞ்சு கனக்கிறது.

1858-இல் பிறந்த குதிர்கா, வார்சாவில் மருத்துவம் படித்தவர். 1889-இல் தோழர்களுடன் சேர்ந்து 'வார்பாஸ்' என்ற இதழைத் தொடங்கினார். மணி என்பது அதன் பொருள். அதுவும் எல்லைக்கு அப்பால் அச்சாகி, மறைவாகவே நாட்டுக்குள் வந்தது. காசநோய் முற்றிய நிலையில், தம் வாழ்வின் கடைசி ஆண்டுகளை அவர் நவுமியெஸ்திஸில் கழித்தார். 1898-இல் அவர் எழுதி வார்பாஸில் வெளியிட்ட பாடல்தான் பின்னாளில் லித்துவேனியாவின் நாட்டுப்பண் ஆனது. சொந்த மண்ணில் அச்சிட முடியாத ஒரு பாடலைத்தான் அந்நாடு இன்று எழுந்து நின்று பாடுகிறது. 1899-இல் அவர் அவ்வூரிலேயே இறந்து அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார்.

ஷிர்வின்டா ஆற்றின் எதிர்க்கரையில் ஷிர்விண்ட் என்ற ஜெர்மானிய நகரம் இருந்தது. ஜெர்மனியின் கிழக்குக் கோடி நகரம் அது. முதல் உலகப் போரில் இடிந்த அந்நகர் பிரேமன் நகரத்தின் உதவியுடன் மீண்டும் கட்டப்பட்டது. 1944-இல் செஞ்சேனை இந்த எல்லையை எட்டிய பிறகு அது மீண்டும் அழிந்தது. அதன்பின் யாரும் கட்டவில்லை. இன்று அவ்விடத்தின் பெயர் குத்துஸோவோ. நகரம் என்று சொல்ல அங்கே ஒன்றுமில்லை. இக்கரையில் ஊர் நிற்கிறது என்றாலும், அதன் மக்களில் கணிசமான பங்கினராக இருந்த யூதர்கள் 1941-இல் நாஜி ஆக்கிரமிப்பின்போது கொல்லப்பட்டார்கள். இன்றைய நவுமியெஸ்திஸைப் பற்றி எழுதுகிறவர்கள் இதை விட்டுவிடுவது நியாயமாகாது.

கட்டுரையாளர் 1991-ஐக் குறிப்பிட்டதற்குக் காரணம் எனக்குப் புரிகிறது: சோவியத் காலத்தில் வெறும் நிர்வாகக் கோடாக இருந்தது, அதன் பிறகு இரு நாடுகளின் எல்லையானது, 2004 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தின் வெளி எல்லையாகவும் ஆனது. ஆனால் கோடு புதிதன்று. அந்த வரியை அடுத்த இதழில் திருத்தி வெளியிடுமாறும், கட்டுரையுடன் தந்த வரைபடத்தை மீண்டும் வெளியிட நேர்ந்தால், படைமுகாம்களுக்கு நடுவே குதிர்கோஸ் நவுமியெஸ்திஸையும் ஒரு புள்ளியாகக் குறிக்குமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்,
கும்பகோணம்.