கன்சோல் சண்டையில் தவறாகப் படிக்கப்படும் எண்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தங்கள் நாளிதழில் வந்த கேம் கன்சோல் ஒப்பீட்டு அட்டவணையில், 'திறன்' என்ற கட்டத்தில் பிளேஸ்டேஷன் 5-க்கு 10.28 டெராஃப்ளாப் (ஒரு டெராஃப்ளாப் என்பது நொடிக்கு ஒரு லட்சம் கோடி கணக்குகள்), எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸுக்கு 12 டெராஃப்ளாப் என்று மட்டும் இருந்தது. 2020 நவம்பரில் இரண்டும் விற்பனைக்கு வந்தது முதல் இரு தரப்பு ரசிகர்களும் அடித்துக்கொள்வது இந்த எண்ணை வைத்துத்தான். அது எப்படி வருகிறது என்று சொல்லாமல் அச்சிடுவது எரிகிற தீயில் எண்ணெய் வார்ப்பதாகும்.

கணக்கு எளிது. கிராபிக்ஸ் சிப்பில் கணக்குப் போடும் பகுதிகளான கம்ப்யூட் யூனிட்டுகளின் எண்ணிக்கையை 64-ஆல் பெருக்கி, மீண்டும் 2-ஆல் பெருக்கி, சிப்பின் வேகத்தால் (கிகாஹெர்ட்ஸில்) பெருக்கி, ஆயிரத்தால் வகுக்க வேண்டும். பிளேஸ்டேஷனில் 36 யூனிட், உச்ச வேகம் 2.23 கிகாஹெர்ட்ஸ். எக்ஸ்பாக்ஸில் 52 யூனிட், 1.825 கிகாஹெர்ட்ஸ். கிடைக்கும் விடை காகிதக் கணக்கு. எல்லா யூனிட்டுக்கும் ஓயாமல் வேலை இருந்தால்தான் அது நிஜமாகும்; எந்த விளையாட்டும் அப்படி வேலை கொடுப்பதில்லை. யூனிட் கூடக்கூட அத்தனையையும் வேலையில் வைத்திருப்பது சிரமம். வேகம் கூடினாலோ சிப்பின் மற்ற பகுதிகளும் சேர்ந்து விரைகின்றன. பல விளையாட்டுகளில் இரண்டும் ஏறக்குறைய சமமாக நிற்பதற்கு இது முக்கியக் காரணம்.

1990-களில் சேகா நிறுவனம் 'பிளாஸ்ட் பிராசஸிங்' (அதிவேகச் செயலாக்கம்) என்று விளம்பரம் செய்து போட்டியாளரான நின்டெண்டோவை மட்டம் தட்டியதும் இதே ரகம்தான். 2001-இல் சேகா கன்சோல் தயாரிப்பையே கைவிட்டது. அதன் புகழ்பெற்ற சோனிக் விளையாட்டு நின்டெண்டோ கருவியிலேயே ஓடியது.

திரையில் தெரியும் வித்தியாசத்துக்குப் பெரும்பாலும் டிவிதான் காரணம். 4கே தரத்தில் நொடிக்கு 120 பிரேம் (தனித்தனிப் படங்கள்) வேண்டுமானால் டிவியில் கன்சோலின் கேபிளைச் செருகும் எச்.டி.எம்.ஐ. போர்ட் அதை ஏற்க வேண்டும். பல டிவிகளில் ஒன்றோ இரண்டோ போர்ட்தான் ஏற்கும். அந்த போர்ட்டுக்கான உயர்தர சிக்னல் வசதியை டிவி மெனுவில் தனியாக இயக்கவும் வேண்டும். கன்சோலோடு வந்த கேபிளை விட்டுப் பழைய கேபிளைச் செருகினால் படம் விட்டுவிட்டு மறையும், அல்லது 60-இலேயே நின்றுவிடும். டிவியில் 'கேம் மோட்' போடாவிட்டால் பட்டனை அழுத்துவதற்கும் திரையில் அசைவதற்கும் இடையே தாமதம் இருக்கும். இவற்றைச் சரிபார்க்காமல் எந்தக் கருவியையும் 'மெதுவானது' என்று சொல்வது நியாயமில்லை. பிளேஸ்டேஷன் 5-இல் செட்டிங்ஸில் வீடியோ அவுட்புட் தகவல் பக்கத்தைத் திறந்தால் இப்போது எந்த அளவில் படம் போகிறது என்று தெரிந்துவிடும்.

அட்டவணையில் விடுபட்ட இன்னொன்று சேமிப்பு. எக்ஸ்பாக்ஸில் அதற்கென்றே செய்த கார்டைப் பின்புறம் செருகினால் போதும். பிளேஸ்டேஷன் 5-இல் மூடியைக் கழற்றி எம்.2 எஸ்.எஸ்.டி. என்ற சிறு பட்டை வடிவச் சேமிப்பகத்தைப் பொருத்தலாம்: பி.சி.ஐ.இ. 4-ஆம் தலைமுறை இணைப்பு, நொடிக்கு 5,500 எம்.பி. அல்லது அதற்கு மேற்பட்ட வாசிப்பு வேகம் (சோனியின் பரிந்துரை), ஹீட் சிங்க் (வெப்பத்தை வெளியேற்றும் உலோகத் தகடு) கட்டாயம், ஹீட் சிங்கோடு சேர்த்து மொத்த உயரம் 11.25 மில்லிமீட்டருக்குள். உயரம் மீறினால் மூடி உட்காராது. யு.எஸ்.பி. டிஸ்க்கில் புதிய தலைமுறை விளையாட்டுகளைச் சேமித்து வைக்கலாமே தவிர, இரு கருவியிலுமே அங்கிருந்து ஓட்ட முடியாது. இது தெரியாமல் டிஸ்க் வாங்கி ஏமாறுகிறவர்கள் இரு பக்கமும் உண்டு.

கன்ட்ரோலரின் ஸ்டிக் தானாக நகரும் 'டிரிஃப்ட்' பிரச்சினையிலும் பிராண்ட் வேறுபாடு இல்லை. பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ், நின்டெண்டோவின் முதல் ஸ்விட்ச் ஆகிய மூன்றோடும் வரும் கன்ட்ரோலர்களில் ஸ்டிக்கின் நிலையை அறிய உராயும் தொடுமுனைகளே உள்ளன, தேய்ந்தால் கோளாறுதான். விளையாட்டின் மெனுவில் 'டெட் ஸோன்' (ஸ்டிக்கின் சிறு அசைவைக் கண்டுகொள்ளாத எல்லை) அளவைக் கூட்டினால் சில காலம் ஓட்டலாம். தேய்ந்த பாகம் அதனால் சரியாகிவிடாது. காந்தத்தால் இயங்கும் 'ஹால்' சென்சார் ஸ்டிக்கில் இந்த உராய்வே இல்லை.

அடுத்த அட்டவணையில் டெராஃப்ளாப் இருக்கட்டும். அதன் பக்கத்திலேயே போர்ட், சேமிப்பு, ஸ்டிக் வகை ஆகிய மூன்றுக்கும் கட்டங்கள் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.