வாட்டத்தை நீளவாக்கில் விடுங்கள்: முகாம் தளங்களை அமைப்போருக்கு ஒரு திறந்த மடல்

முகாம் தளங்களைத் திட்டமிடுவோருக்கும் நடத்துவோருக்கும் வணக்கம்.

டிராவல் டிரெய்லரை, அதாவது படுக்கையும் சமையல் மேடையும் உள்ள வண்டியை, காரில் பூட்டி இழுத்துவந்து உங்கள் தளங்களில் தங்குகிறவர்களில் ஒருவராக எழுதுகிறேன். டிரெய்லர் நிற்கும் திட்டில் மழைநீர் வடிய வாட்டம் (சரிவு) வேண்டும். அதை யாரும் மறுக்கவில்லை. அந்த வாட்டத்தை நீளவாக்கில் விடுங்கள், குறுக்குவாக்கில் வேண்டாம் என்பதுதான் என் கோரிக்கை.

முன்பின் சாய்வைச் சரிசெய்வது எளிது. காரிலிருந்து கழற்றியபின் டிரெய்லரின் முன்முனையில் உள்ள ஜாக்கியை ஏற்றி இறக்கினால் முடிந்தது. சக்கர அச்சிலிருந்து ஜாக்கிவரை 5 மீட்டர் என்றால், 2 சதவீத வாட்டத்துக்கு 10 செ.மீ. ஏற்ற இறக்கம், பெரும்பாலும் ஜாக்கியே அதைப் பார்த்துக்கொள்ளும். அதுவும் வாட்டம் சாலைப் பக்கம் இறங்கினால் இன்னும் நல்லது. பின்னோக்கி நிறுத்திய வண்டியின் முன்முனையை உயர்த்த ஜாக்கிக்கு அடியில் ஒரு கட்டை வைத்துவிடலாம். ஓரளவுக்குக் கீழே இறக்கத்தான் வழியில்லை.

பக்கவாட்டுச் சாய்வு வேறு கதை. சாதாரண டிரெய்லரில் அதற்கென ஜாக்கி கிடையாது. காரில் பூட்டியிருக்கும்போதே, தாழ்ந்த பக்கச் சக்கரத்தடியில் பலகையோ சரிவுக்கட்டையோ வைத்து, மெல்ல மெல்ல நகர்த்தி ஏற்ற வேண்டும். இரட்டை அச்சு வண்டியென்றால் அந்தப் பக்கத்து இரண்டு சக்கரங்களும் ஒரே உயரத்துக்கு ஏற வேண்டும். இல்லாவிட்டால் சுமை ஒன்றின்மேல் சாய்ந்துவிடும். ரசமட்டம் சரியென்று காட்டி, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் அண்டை கொடுத்த பிறகே காரைக் கழற்றலாம். சக்கரங்களுக்கிடையே 2 மீட்டர் அகலமுள்ள வண்டிக்கு 5 சதவீதக் குறுக்குச் சாய்வு என்றால் 10 செ.மீ. தூக்க வேண்டும். களைத்துவந்த ஒரு குடும்பம் இருட்டில், மழையில், டார்ச் வெளிச்சத்தில் இந்த வேலையைச் செய்வதை நினைத்துப் பாருங்கள்.

சமாளித்துத் தூங்கிவிடலாமே என்று கேட்கலாம். படுக்கையும் சமையல் மேடையும் சாய்ந்திருப்பதைப் பொறுத்துக்கொள்ளலாம்தான். ஆனால் பல டிரெய்லர்களில் எரிவாயுவிலும் ஓடுகிற உறிஞ்சுமுறைக் குளிர்பெட்டி இருக்கிறது. 1922இல் சுவீடனில் இரண்டு மாணவர்கள் உருவாக்கிய அமைப்பு அது. அதில் பம்ப் இல்லை. சூடேறும் அம்மோனியாக் கரைசல் குமிழிகளால் மேலேறி, புவியீர்ப்பினால் குழாய்கள் வழியே திரும்பி இறங்குகிறது. பெட்டி சாய்ந்தால் திரவம் வழியில் தேங்கும், கொதிகலன் வறண்டு அளவுமீறிச் சூடேறும், கரைசலில் உள்ள துருத்தடுப்பு உப்பு படிந்து குழாயை அடைக்கும். பிறகு மட்டப்படுத்தினாலும் அந்த அடைப்பு நீங்காது. குளிர்பெட்டியின் முன் நின்று பார்க்கையில், சில கையேடுகள் தரும் வரம்பு பக்கவாட்டில் 3 பாகை, முன்பின்னாக 6 பாகை. மேலே சொன்ன 5 சதவீதம் ஏறக்குறைய 3 பாகைச் சாய்வு.

இன்னொரு தீங்கும் எனக்குக் கவலை தருகிறது. பலகை போதாதவர்கள், மூலைகளில் உள்ள முட்டுக்கால்களால் வண்டியைத் தூக்கப் பார்க்கிறார்கள். அவை ஆட்டத்தை நிறுத்த மட்டுமே செய்யப்பட்டவை. அவற்றால் தூக்கினால் சட்டம் முறுக்கும், கதவு பிடிக்கும்.

ஏற்கனவே அமைந்த திட்டுகளை எல்லாம் உடைத்துக் கட்டச் சொல்லவில்லை. அடுத்தமுறை சரளை கொட்டும்போது குறுக்கே ரசமட்டம் வையுங்கள். பலகை புதையாதபடி நன்றாக இறுக்குங்கள். அதுவரை ஒவ்வொரு திட்டின் குறுக்குச் சாய்வையும், எந்தப் பக்கம் தாழ்வு என்பதையும் அளந்து, முன்பதிவு செய்யும் இடத்திலேயே எழுதிவையுங்கள். நீளமும் மின் இணைப்பும் குறிப்பிடுகிற நீங்கள் இதையும் சேர்த்தால், எத்தனை பலகை கொண்டுவருவது, எந்தத் திட்டைத் தவிர்ப்பது என்று நாங்கள் வீட்டிலேயே முடிவுசெய்துகொள்வோம். தனியாக வருகிறவர்களுக்கும் வயதானவர்களுக்கும் மிகவும் சமதளமான திட்டுகளை ஒதுக்கிக் கொடுங்கள்.

அன்புடன்,
டிரெய்லர் இழுத்துவரும் ஒருவர்